மண்ணுக்கு முந்திய சில நாட்கள்



மண் இல்லாமல், வீட்டுக்குள்ளேயே தோட்ட விதைகளை முளைக்க வைப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காகிதம், ஒரு பிளாஸ்டிக் டப்பா, கொஞ்சம் தண்ணீர். செய்முறை இவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு எல்லோரும் காபிக்குப் போய்விடலாம். இருந்தும் பேச ஒப்புக்கொண்டேன், காரணம் உண்டு. இந்த முறையைக் கையாளுகிறவர்களில் பெரும்பாலோர் சீக்கிரம் முளைக்கிறது என்பதற்காகத்தான் செய்கிறார்கள். அதில் கிடைக்கும் லாபம் ஒன்றிரண்டு நாள். அதை வைத்து என்ன செய்யப்போகிறோம்? எனக்கு இந்த முறை பிடித்ததற்குக் காரணம், விதையின் யோக்கியதை இதில் தெரிந்துவிடும். மண்ணில் போட்டு மூடிய விதை முளைக்கவில்லை என்றால் எறும்பு தூக்கிப்போயிற்றா, தண்ணீர் தேங்கி அழுகிற்றா, ஆழத்தில் விழுந்துவிட்டதா, அல்லது பாக்கெட்டில் வரும்போதே செத்துத்தான் வந்ததா, யார் சொல்வது? காகிதத்தில் போட்டால் கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

மண் இல்லாமல் எப்படி முளைக்கும் என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலேயே வாரத்துக்கு ஒருமுறை பச்சைப்பயறு துணிமூட்டையில் முளைத்துக்கொண்டிருக்கும். நாற்றங்காலுக்கு நெல்லை ஊறவைத்து, கோணியில் கட்டி, முளை கண்ட பிறகு சேற்றில் விதைக்கிற ஊர்க்காரர்கள் நாம். பாகல், புடலை விதையை ஈரத்துணியில் கட்டிவைத்துவிட்டு நடுகிற பாட்டிகளை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். புதிதாக வந்தது டிஷ்யூ பேப்பர் மட்டும்தான்.

விதை முளைக்க மூன்று வேண்டும்: தண்ணீர், காற்று, பதமான வெப்பம். சிலவற்றுக்கு மட்டும் வெளிச்சம். உணவு தேவையில்லை, வழிக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு விதைக்குள்ளேயே இருக்கிறது. அவரையிலும் பூசணியிலும் அது இரண்டு பருப்புகளாக, அதாவது விதையிலைகளாக, பருத்துக் கிடக்கும். தக்காளி, மிளகாய், கத்தரியில் கருவைச் சுற்றித் தனிச் சதையாக இருக்கும். முதல் பச்சை இலை விரிந்து வெயிலில் தன் உணவைத் தானே தயாரிக்கத் தொடங்கும்வரை இந்தச் சேமிப்பே போதும்.

தண்ணீர் பட்டதும் விதை உப்பும். இதைப் பார்த்து ஏமாறக் கூடாது. செத்த விதையும் ஊறி உப்பும். அது வெறும் பௌதிகம். அதற்குப் பிறகு வெளியே ஒன்றும் தெரியாத ஓர் இடைவெளி வரும். உயிருள்ள விதைக்குள் அப்போதுதான் வேலை நடக்கிறது: சுவாசம் கூடுகிறது, ஜிப்பரெலின் என்ற ஹார்மோன் கிளம்புகிறது, நொதிகள் சேமிப்பைக் கரைத்துக் கருவுக்கு ஊட்டுகின்றன. பிறகு தோல் வெடித்து வெள்ளையாக ஒரு முனை எட்டிப்பார்க்கும். அது வேர். முதலில் வருவது கிட்டத்தட்ட எப்போதும் வேர்தான். நம்மவர்கள் பலர் அதைத் தண்டு என்று நினைத்து மேல்பக்கமாகத் திருப்பி நடுகிறார்கள்.

திருப்பி நட்டாலும் குடிமுழுகிவிடாது என்பது வேறு விஷயம். வேருக்குக் கீழ்ப்பக்கம் எது என்று எப்படித் தெரிகிறது? மண்ணின் ஈரமா, இருட்டா, எது வழிகாட்டுகிறது? 1806-ஆம் ஆண்டு தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற இங்கிலாந்துத் தோட்டக்காரர் இதற்கு ஒரு சோதனை வெளியிட்டார். எனக்கு மிகவும் பிடித்த சோதனை. தன் தோட்டத்து ஓடையில் தண்ணீரால் சுழலும் சிறு சக்கரம் ஒன்றைப் பொருத்தினார். அதன் விளிம்பில், ஊறவைத்த அவரையினப் பயறுகளை வெவ்வேறு திசையில் பார்த்தபடி கட்டினார். மண் கிடையாது. சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 150 சுற்று சுற்றியது. முளைத்தபோது எல்லா வேர்களும் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கமாக நீண்டன. எல்லாத் தண்டுகளும் நடு அச்சை நோக்கி வளர்ந்தன. சுழற்சியால் வரும் விசையை வேர் ஈர்ப்பு என்றே எடுத்துக்கொண்டது. ஆக, கீழ்த்திசையை விதைக்குச் சொல்லித்தருவது மண் அல்ல. இன்று நமக்குத் தெரியும், வேர்நுனியின் தொப்பிக்குள் மாவுமணிகள் இருக்கின்றன. அவை செல்லின் அடிப்பக்கம் போய்ப் படிவதை வைத்து வேர் திசையை அறிகிறது. 1880-இல் சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் எழுதிய புத்தகத்தில் வேர்நுனிதான் திசையை உணர்கிறது என்று வாதிட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தவர் ஜெர்மன் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ். சாக்ஸ் பெரிய ஆள்தான், ஆனால் இந்த விஷயத்தில் டார்வின் சொன்னது நின்றது.

சாக்ஸ் பேர் வந்ததால் சொல்கிறேன். டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் தாரண்ட் என்று ஒரு சிற்றூர். 1860 வாக்கில் சாக்ஸ் அங்கே இருந்தபோதுதான் உப்புகள் கரைத்த வெறும் தண்ணீரில் செடி வளர்த்துக் காட்டினார். சில ஆண்டுகள் கழித்து, 1869-இல், அதே ஊரில் ஃபிரீட்ரிக் நோபே என்பவர் உலகின் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கினார். இன்று உங்கள் சமையலறையில் நீங்கள் வைக்கிற டப்பாவுக்கு மூதாதை அந்த நிலையம்தான்.

அது ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால் சிரிப்பும் வரும், கோபமும் வரும். அந்தக் காலத்து ஐரோப்பாவில் விதை வியாபாரம் அப்படி நாறியது. பொஹீமியாவில் குவார்ட்ஸ் கல்லைப் பொடித்து, விதை அளவுக்குச் சலித்து, சாயம் ஏற்றி, குளோவர் விதையோடு கலப்பதற்கென்றே விற்றார்கள். இங்கிலாந்தில் இன்னும் கெட்டிக்காரத்தனம். விலை கூடிய டர்னிப் விதையோடு விலை குறைந்த வேறு கடுகின விதையைக் கலந்தால், முளைத்ததும் வேறு செடி என்று குட்டு வெளிப்பட்டுவிடுமே? அதனால் கலப்பு விதையைச் சூடாக்கி முதலில் கொன்றுவிடுவார்கள். செத்த விதை சாட்சி சொல்லாது. விவசாயி தன் மண்ணைத்தான் நொந்துகொள்வான். விதையைக் கொல்வதும் சாயம் பூசுவதும் குற்றம் என்று 1869-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. நோபே செய்தது எளிய காரியம்: விதையை எண்ணி ஈரமான சுடுமண் தட்டில் வைத்தார், முளைத்ததை எண்ணினார், எண்ணிக்கையை வெளியே சொன்னார். அதற்குப் பிறகு வியாபாரிகள் மண்ணைக் குறைசொல்ல முடியவில்லை.

நம் நாட்டில் விதைச் சட்டம் 1966-இல் வந்தது, விதிகள் 1968-இல். அதன்படி குறைந்தபட்ச முளைப்புத்திறன் பயிருக்குப் பயிர் வைத்திருக்கிறார்கள். தக்காளியும் கத்தரியும் 70 சதவீதம், வெண்டை 65, மிளகாய் 60. பாகல், புடலை போன்ற கொடிவகைக்கும் 60தான். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் மாறும். மிளகாய் விதை பத்துப் போட்டு ஆறு வந்தால் அது நல்ல விதை, சட்டப்படி. பத்தும் வரவேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் நாம் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறோம். பாக்கெட்டின் பின்பக்கம் பரிசோதித்த தேதியும் முளைப்புத்திறனும் அச்சிட்டிருக்கும். விலையைப் பார்க்கிறவர்கள் அதையும் பார்க்கலாம். சான்று விதைக்கு நீல அட்டை, உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை. அட்டையே இல்லாமல் திருவிழாக் கடையில் படம் மட்டும் போட்டு விற்கும் பாக்கெட்டுகளைப் பற்றி நான் என்ன சொல்ல?

பரிசோதனைக்கூடத்தில் ஒரு மாதிரிக்கு 400 விதை எடுத்து, நூறு நூறாக நான்கு பங்காக வைப்பார்கள். நாம் வீட்டில் பத்துதான் வைப்போம். அதில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனியுங்கள். உண்மையிலேயே 70 சதவீதம் முளைக்கக்கூடிய நல்ல விதைதான். ஏழு பேர் ஆளுக்குப் பத்து எடுத்து வைக்கிறீர்கள். அதில் ஒருவர் வீட்டில் ஐந்தோ அதற்கும் குறைவாகவோதான் முளைக்கும். வெறும் தற்செயல். அதனால் பத்தை வைத்துக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். பத்தில் ஒன்றுகூட வரவில்லை என்றால் தாராளமாகத் திட்டலாம். முடிந்தால் இருபது, இருபத்தைந்து வையுங்கள். முளைத்தவற்றை எப்படியும் நடத்தானே போகிறோம், விதை வீணாவதில்லை.

இன்னொன்று, அவசரம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்குப் பரிசோதனைக்கூடமே 14 நாள் காத்திருக்கிறது. வெண்டைக்கும் கொத்தமல்லிக்கும் 21 நாள். நம்மவர்கள் ஐந்தாம் நாளே டப்பாவைக் குப்பையில் கவிழ்த்துவிடுகிறார்கள். மிளகாய் இயல்பிலேயே சோம்பேறி.

சரி, செய்முறைக்கு வருகிறேன். முகம் துடைக்கிற மெல்லிய டிஷ்யூ வேண்டாம், நனைந்ததும் கூழாகிவிடும். சமையலறையில் எண்ணெய் ஒற்றும் தடித்த காகிதச்சுருள் நல்லது. பழைய வேட்டித் துணியும் ஈரத்தை நன்றாகப் பிடிக்கும். ஆனால் இரண்டு நாள் அசந்துவிட்டால் வேர் நூலுக்குள் புகுந்துகொள்ளும், உருவும்போது அறுந்துவிடும். காகிதமாக இருந்தால் வேர் ஒட்டிக்கொண்ட இடத்தைக் காகிதத்தோடு கிழித்து அப்படியே நட்டுவிடலாம்.

ஈரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மடித்த காகிதத்தை நனைத்துப் பிழிந்து, ஒரு முனையைப் பிடித்துத் தூக்குங்கள். சொட்டினால் இன்னும் பிழிய வேண்டும். விரலால் அழுத்தும்போது விரலைச் சுற்றி நீர் மினுங்கினால் அதுவும் அதிகம்தான். விதை மூச்சுவிடுகிறது, ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். விதையைச் சுற்றி நீர்ப்படலம் நின்றால் மூச்சுமுட்டித்தான் போகும். இந்த முறையில் தோற்றவர்களில் பாதிப்பேருக்கு மேல் தண்ணீரை அள்ளி ஊற்றியவர்கள் என்பது என் அபிப்பிராயம். விதைகளை ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மேலே இன்னொரு மடிப்பைப் போட்டு, டப்பாவை மூடி, நாளுக்கு ஒருமுறை திறந்து காற்றுக் காட்டுங்கள். பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறிப் பரவிவிடும். அப்புறம் எது கத்தரி, எது மிளகாய் என்று உங்களுக்கே தெரியாது, இரண்டு விதையும் ஒரே சாயல்.

வெப்பம் நமக்குப் பெரிய தொந்தரவு இல்லை. கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். சமவெளியில் வீட்டு அலமாரியே போதும். குளிர்நாட்டுக்காரர்கள் வெப்பப்பாய் வாங்கச் சொல்வதை இணையத்தில் பார்த்து இங்கேயும் சிலர் வாங்குகிறார்கள். ஊட்டியில் இருந்தால் வாங்குங்கள். நமக்குச் சிக்கல் எதிர்ப்பக்கத்தில். லெட்யூஸ் விதை 30 டிகிரியைத் தாண்டினால் தூங்கிவிடும். மே மாதச் சென்னையில் அது முளைக்கவில்லை என்றால் விதை மேல் குற்றமில்லை, குளிரூட்டிய அறைக்கு மாற்றிப் பாருங்கள்.

லெட்யூஸ் பற்றி இன்னொரு சேதி. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்து பெல்ட்ஸ்வில்லில் வேளாண்துறையின் ஆய்வகம் ஒன்று உண்டு. அங்கே 1952-இல் கிராண்ட் ராபிட்ஸ் என்ற லெட்யூஸ் ரக விதைகளை நனைத்து, அவற்றின் மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள், முளைத்தன. சிவப்புக்கு அப்பாலுள்ள, நம் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் தூரச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள், முளைக்க மறுத்தன. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால்? கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதன்படி நடந்துகொண்டன. செடிகளுக்குள் ஒளியை உணரும் பைட்டோகுரோம் என்ற நிறமி இருப்பது தெரியவந்ததற்கு அந்த விதைகள் பெரிய காரணம். மேலே தழை நிழலாக இருந்தால் சிவப்பு ஒளியை இலைகள் விழுங்கிவிடும், தூரச்சிவப்புதான் கீழே வரும். அங்கே முளைத்துப் பிரயோஜனமில்லை என்று அந்தச் சிறு விதைக்குத் தெரிகிறது. நமக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைச் சேதி சின்னது: லெட்யூஸ், பெட்டூனியா போன்ற நுண்விதைகளை மேலே மூடாமல் வெளிச்சத்தில் வையுங்கள். தக்காளி வகையறாவுக்கு இருட்டானாலும் சரி.

ஆனால் முளை வந்த பிறகும் இருட்டிலேயே வைத்திருந்தால் முளைப்பாரிதான் கிடைக்கும். மாரியம்மன் கோயில் முளைப்பாரி வெளிர்மஞ்சளாக, உயரமாக இருப்பது இருட்டறையில் வளர்ப்பதால்தான். அது சாமிக்கு அழகு. தக்காளி நாற்று அப்படி வளர்ந்தால் வெயிலில் வைத்த அன்றே சாய்ந்துவிடும்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் எனக்கு நிறையப் படங்கள் வாட்ஸ்அப்பில் வரும். "சார், பூஞ்சை வந்துவிட்டது, தூக்கிப்போட்டுவிடட்டுமா?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் அது பூஞ்சையே அல்ல, வேர்த்தூவி. மண்ணில் வளரும்போது இது நம் கண்ணில் படுவதே இல்லை. வேரின் நுனி வழவழவென்று இருக்கும். நுனிக்குச் சற்றுப் பின்னால் வெல்வெட் போல வெள்ளைப் பஞ்சு சுற்றிலும் ஒரே சீராக நிற்கும். ஒரு சொட்டு நீர் பட்டால் வேரோடு ஒட்டிப் படுத்துவிடும், உலர்ந்தால் மறுபடி எழும். பூஞ்சைக்கு அந்த ஒழுங்கு கிடையாது. விதைத்தோலில் தொடங்கி ஒட்டடை மாதிரித் தாறுமாறாகப் பரவிக் காகிதத்துக்கும் தாவும், புளித்த வாடை வரும். அது வந்தால் அந்த விதையை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைப் புதுக் காகிதத்துக்கு மாற்றுங்கள். பூஞ்சையை அடக்கும் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் பொடி வைத்திருப்பவர்கள் முதலிலேயே விதையில் புரட்டலாம். கிலோ விதைக்கு 10 கிராம் என்பது பரிந்துரை, நமக்கு ஒரு சிட்டிகை.

எடுத்து நடும் நேரத்தில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். வேர் விதையின் நீளத்துக்கு வந்ததுமே நட்டுவிட வேண்டும். அழகாக இருக்கிறதே என்று இன்னும் இரண்டு நாள் வைத்து, வேர் சுருண்டு, பச்சை இலை விரிந்தபிறகு நடுவது வேண்டாத வேலை. வேரைத் தொடாதீர்கள், விதைத்தோலைப் பிடியுங்கள். பென்சில் முனையால் ஒரு குழி, வேர் கீழே, அரை அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். படுக்கையாக விழுந்தாலும் பாதகமில்லை, நைட் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நட எது வேண்டும்? கழுவிய தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் போதும். கழுவிய என்று அழுத்திச் சொல்கிறேன். கட்டியாக விற்கும் நார்க்கழிவில் உப்பு நிற்கும். பழுப்புத் தண்ணீர் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். ஓசூர்ப் பக்கம் குழித்தட்டு நாற்று விற்கிறவர்கள் மண்ணே தொடாமல் இதில்தான் வளர்க்கிறார்கள். விதைத்த தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பாலிதீன் போர்த்தி, முளை கண்டதும் பிரித்து வெளிச்சத்தில் பரப்புவார்கள். நம் டப்பா வேலையின் பெரிய வடிவம் அது.

எல்லா விதைக்கும் இந்த மரியாதை தேவையில்லை. முள்ளங்கி, கேரட்டை நேரடியாக விதையுங்கள். ஆணிவேர் நுனி ஒடிந்தால் கிழங்கு இரண்டாகக் கிளைத்துவிடும். கீரை விதையைக் காகிதத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி நடுபவருக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம். பழைய விதை, விலை கூடிய விதை, நண்பர் கொடுத்த நாலே நாலு விதை, தோல் தடித்த விதை: இவற்றுக்குத்தான் காகிதம். தோல் தடித்தது என்றால் பாகல் விதையின் கூர்முனையை நகவெட்டியால் லேசாகக் கிள்ளுங்கள். சங்குப்பூவை உப்புத்தாளில் தேயுங்கள். தாமரை விதையையும் ஒரு முனையில் உள்ளே வெண்மை தெரியும்வரை தேய்த்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டால் ஒரு வாரத்துக்குள் பச்சை முளை நீளும். அந்தத் தோலின் கெட்டித்தனம் சாதாரணமல்ல. வடகிழக்குச் சீனாவில் வற்றிய ஏரிப்படுகை ஒன்றில் கிடைத்த தாமரை விதை ஒன்று சுமார் 1,300 ஆண்டு பழையது. அதை முளைக்கவைத்து 1995-இல் அறிக்கை வெளியிட்டார்கள்.

இந்தக் காகித முறையை வெறியோடு கையாண்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த நார்மன் டீனோ. ஈரக்காகிதத்தை மடித்துச் சாதாரண பிளாஸ்டிக் பையில் போட்டு, ஆயிரக்கணக்கான தாவர இனங்களின் விதைகளைச் சோதித்தார். எது சூட்டில் முளைக்கும், எதற்கு முதலில் மூன்று மாதம் குளிர் வேண்டும், எதற்கு வெளிச்சம் வேண்டும் என்று குறித்துவைத்து 1990களில் தன் கைக்காசில் புத்தகமாகவே போட்டார். தோட்டக்கலைப் படிப்பு படிக்காத ஒருவர், வீட்டுச் சாமான்களை வைத்துச் செய்த வேலை அது. நம் ஊர் நாட்டு விதைகளுக்கு, முள்ளுக்கத்தரி, சுரை ரகங்கள், மூலிகைகள் இவற்றுக்கெல்லாம், அப்படி ஒரு குறிப்பேடு வேண்டும். நோட்டில் தேதியும் எண்ணிக்கையும் எழுதுகிற பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்று தெரியும்.

மிச்சமாகும் விதையைப் பற்றி ஒரு வார்த்தை. கலிபோர்னியாவில் ஹாரிங்டன் என்ற விதை அறிஞர் ஒரு தோராயக் கணக்கு வைத்தார்: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். நன்றாகக் காயவைத்து, காற்றுப்புகாத டப்பாவில், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மாடிப்படிக்கு அடியில் தொங்கும் துணிப்பையில் வேண்டாம். வெங்காய விதை மட்டும் மற்றவற்றைவிட அற்பாயுசு, வருடா வருடம் புதிதாக வாங்குங்கள்.

பின்வரிசை மேசையில் பத்துப் பன்னிரண்டு டப்பா வைத்திருக்கிறேன். திறந்து பார்க்கலாம், வேர்த்தூவியையும் பூஞ்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். ரோஸ் நிறம் பூசிய விதை இருக்கும் டப்பாவை மட்டும் கையால் தொடவேண்டாம், அது பூஞ்சைக்கொல்லி. அந்த மாதிரி விதையை முளைகட்டிச் சாப்பிடவும் கூடாது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் கவனம். கேள்வி இருந்தால் கேளுங்கள், காபி ஆறினாலும் பரவாயில்லை.